எரிய மறுக்கும் இழை

(கீழச்சிவல்பட்டியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



புலவர் பாடுவார் முத்தப்பரின் ஊர் இது. மேடை போட்டால் கம்பனையும் தேவாரத்தையும் கேட்டுப் பழகிய காதுகள் இங்கே இருப்பவை. பாலியெஸ்டரைப் பற்றிப் பேச ஓர் ஆளை அழைத்தது அறக்கட்டளையாரின் துணிச்சல். ஆனாலும் இந்தப் பூமிக்கு இந்தப் பொருள் புதிதில்லை. கோட்டையூர் அழகப்பச் செட்டியார் நூற்பாலை நடத்தியவர். 1944-ல் அவர் கொடையால் சென்னையில் எழுந்த தொழில்நுட்பக் கல்லூரியில் வேதிப் பொறியியலும் நெசவுத் தொழில்நுட்பமும் ஒரே வளாகத்தில் இடம் பெற்றன. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அவர் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததை நாம் மேடைதோறும் சொல்கிறோம். நூலையும் வேதியியலையும் அடுத்தடுத்த அறைகளில் உட்கார வைத்ததை அவ்வளவாகச் சொல்வதில்லை. இழை வேதியியலில் பிழைத்தவன் என்பதால் எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

பொருளுக்கு வருகிறேன். நூலும் நெருப்பும் சந்திக்கும் இடத்தைக் காட்ட நான் வெளியூருக்குப் போக வேண்டியதில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளையார் நோன்பு போதும். திருக்கார்த்திகை கழிந்ததும் புது வேட்டியிலிருந்து நாளுக்கு ஓர் இழையாக உருவி, இருபத்தொரு இழை சேர்ந்ததும் திரியாக முறுக்கி, வெல்லம் சேர்த்த மாவில் வைத்து நெய்யிட்டு ஏற்றி, சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்கிறீர்கள். குழந்தைகள்கூடப் பயப்படாமல் இழை எடுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அது நடப்பதற்குக் காரணம் அந்த வேட்டி பருத்தி என்பதுதான். பருத்தி உருகாது. நெய்யை உறிஞ்சி நுனியில் எரியும், வாயை மூடினால் காற்று இல்லாமல் அணையும், ஈரமாவு சூட்டை வாங்கிக்கொள்ளும்.

அதே வேட்டி இன்று கடைகளில் தாராளமாகக் கிடைக்கும் பாலியெஸ்டர் கலப்பு வேட்டியாக இருந்தால் என்ன ஆகும்? அந்த இழை 255 முதல் 260 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருகும். உருகிய சொட்டு நாக்கில் ஒட்டும். ஒட்டினால் எளிதில் வராது. ஆகவே நோன்புக்கு வேட்டி வாங்கும்போது ஓர் இழையை உருவி அங்கேயே கொளுத்திப் பாருங்கள். ஜவுளிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்யும் சோதனை அது. பருத்தி நூல் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் பொடியும் சாம்பலாகும். பட்டு முடி கருகும் நாற்றம் அடிக்கும், நெருப்பை எடுத்தால் தானே தயங்கித் தயங்கி நின்றுவிடும். பாலியெஸ்டர் நெருப்பைக் கண்டதும் சுருண்டு பின்வாங்கும், பிறகு உருகும், கரும்புகையோடு எரியும். ஆறிய பின் நகத்தால் நசுக்க முடியாத ஒரு கறுப்பு மணி மிஞ்சும். அந்த மணியைத்தான் தீக்காயப் பிரிவு மருத்துவர்கள் தோலிலிருந்து பிரித்தெடுக்கப் போராடுகிறார்கள்.

துணி எரிகிறது என்று சொல்கிறோம். நுணுகிப் பார்த்தால் துணி எரிவதில்லை. சூட்டில் துணியின் மூலக்கூறுகள் உடைந்து வாயுவாகின்றன. அந்த வாயு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து எரிகிறது. எரிவதால் வரும் சூடு திரும்பி வந்து மேலும் துணியை உடைக்கிறது. இப்படிச் சுற்றிச் சுற்றி ஓடும் வட்டம் அது. பாலியெஸ்டர் ஏறக்குறைய 400 டிகிரியில் வேகமாக உடைந்து அசிட்டால்டிஹைடு போன்ற எளிதில் தீப்பற்றும் பொருள்களை விடுகிறது. தீத்தடுப்பு வேதியியல் என்று நாங்கள் செய்வதெல்லாம் இந்த வட்டத்தை ஏதாவது ஓரிடத்தில் அறுப்பதுதான்.

எந்த இழை எவ்வளவு எளிதாக எரியும் என்பதை அளக்க ஓர் எண் இருக்கிறது. 1966-ல் ஃபெனிமோர், மார்ட்டின் என்ற இருவர் அமெரிக்காவில் கொண்டுவந்த அளவு. ஒரு பொருள் மெழுகுவத்திபோல் மேலிருந்து கீழாக எரிந்துகொண்டே இருக்கக் காற்றில் குறைந்தபட்சம் எத்தனை விழுக்காடு ஆக்சிஜன் வேண்டும் என்று பார்ப்பார்கள். நாம் மூச்சுவிடும் காற்றில் 21 விழுக்காடு இருக்கிறது. பருத்திக்கு 18 போதும், அக்ரிலிக்குக்கும் 18 போதும். பாலியெஸ்டரும் நைலானும் 20, 21 என்று எல்லைக்கோட்டில் நிற்பவை. கம்பளி 25. தீயணைப்பு வீரர்கள் உடுத்தும் நோமெக்ஸ் 28-க்கும் மேல். எண் 21-க்கு எவ்வளவு மேலே போகிறதோ அவ்வளவு நிம்மதி. 26, 27-ஐத் தாண்டினால் நெருப்பை எடுத்ததும் துணி தானே அணையும் என்பது பொதுவான கணக்கு.

இந்த எண்ணின் அருமை 1967 ஜனவரி 27 அன்று உலகத்துக்குப் புரிந்தது. அமெரிக்காவின் அப்போலோ 1 விண்கலத்தைத் தரையில் வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தபோது உள்ளே தீப்பிடித்து மூன்று விண்வெளி வீரர்கள் இறந்தார்கள். கலத்துக்குள் நிரப்பியிருந்தது சுத்த ஆக்சிஜன். உள்ளே பொருள்கள் விழாமல் இருக்க நைலான் வலை கட்டியிருந்தார்கள். 21 விழுக்காட்டில் தயங்குகிற நைலான், 100 விழுக்காட்டில் என்ன செய்யும்? அதன் பிறகுதான் கண்ணாடி இழையில் டெஃப்லான் பூசிய துணிக்கு நாசா மாறியது.

எண்ணை மட்டும் நம்பினால் பாலியெஸ்டர் பருத்தியைவிடப் பாதுகாப்பானது என்று தோன்றும். தனியாக இருக்கும்போது ஓரளவு உண்மையும்கூட. மெல்லிய பாலியெஸ்டர் துணியில் தீ பட்டால் அது உருகி, எரியும் பகுதியே சொட்டிக் கீழே போய்விடும். மேலே தீ நின்றுவிடும். சிக்கல் கலப்பில் இருக்கிறது. பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த டெரிகாட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். எழுபதுகளில் டெரிகாட்டன் சட்டை போட்டவர்தான் மாப்பிள்ளை என்ற காலம் ஒன்று இருந்தது. இஸ்திரிச் செலவு மிச்சம், கசங்காது, வெளுத்தால் உடனே காயும். ஆனால் தீயில் பருத்தி கரியாகி நிற்கும், உருகிய பாலியெஸ்டர் சொட்டிவிழ முடியாமல் அந்தக் கரிச்சட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். பருத்தி திரியாகிவிடுகிறது, பாலியெஸ்டர் எண்ணெயாகிவிடுகிறது. அகல்விளக்கு எரிவதுபோல நின்று எரியும். இரண்டையும் தனித்தனியாகத் தீத்தடுப்பு செய்வது எளிது. கலந்து நெய்த பிறகு செய்வது இன்றுவரை எங்களுக்குத் தலைவலி. இதனால்தான், பருத்தியோடு கலக்கும் முன் பாலியெஸ்டர் இழைக்குள்ளேயே ஏதாவது செய்துவிட வேண்டும் என்று நான் வலியுறுத்துகிறேன்.

ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்கலாம். 1995 டிசம்பர் 23 அன்று அரியானாவின் டப்வாலியில் ஒரு பள்ளியின் ஆண்டுவிழா, கல்யாண மண்டபத்து வளாகத்தில் செயற்கைத் துணிப் பந்தலுக்குக் கீழே நடந்தது. பந்தலில் தீப்பிடித்தது. சில நிமிடங்களில் கூரைத்துணி உருகி எரியும் மழையாகக் கீழே கொட்டியது. வெளியேறும் வழியோ குறுகல். 440-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் பாதிக்கு மேல் குழந்தைகள். ஓலைப்பந்தலில் தீ பற்றினால் ஓட வேண்டும் என்று நமக்குத் தெரியும். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கம் கல்யாண மண்டபத்தில் மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோரைப் பலி வாங்கிய தீ, கூரைப் பந்தலில் பிடித்த தீதான். ஆனால் ஓலையின் இடத்தில் பளபளவென்று செயற்கைத் துணி வந்தபோது, ஓலை போனது, ஆபத்தும் போனது என்று நினைத்துக்கொண்டோம். இப்போது நம் ஊர்க் கல்யாணத்தில் முகப்பிலிருந்து வளவு வரை இழுத்துக் கட்டும் வெள்ளை, ரோஜா நிறத் துணிகள், மணவறைக்குப் பின்னால் தொங்கும் அலங்காரத் திரை, அதற்குள் ஓடும் சீரியல் விளக்கு வயர் என்று அடுக்கிப் பாருங்கள். முற்றத்தில் வெயிலுக்குக் கட்டும் பச்சை வலை பாலிஎதிலீன். மெழுகுவத்தி மெழுகும் அதுவும் ஒரே ஹைட்ரோகார்பன் இனம். அந்த வலை 130 டிகிரியில் உருகிவிடும். குன்றக்குடி கோயில் யானை சுப்புலட்சுமி 2024 செப்டம்பரில் கொட்டகையில் பிடித்த தீயால் இறந்ததை இந்த வட்டாரத்தில் மறந்தவர் இருக்க மாட்டார்கள். கொட்டகை, பந்தல் என்று தற்காலிகமாகக் கட்டும் எதையும் நாம் தற்காலிகமான அக்கறையோடுதான் பார்க்கிறோம்.

இரயிலிலும் இதே கதை. 2013 டிசம்பர் 28 அன்று பெங்களூரு–நாந்தேட் விரைவு வண்டியின் ஏ.சி. மூன்றடுக்குப் பெட்டியில் தீப்பிடித்து 26 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு இரயில்வே ஒரு முடிவெடுத்தது: ஏ.சி. மூன்றடுக்குப் பெட்டியின் நடைபாதைத் திரைகளைக் கழற்றிவிட்டது. அதற்குப் பிறகு மூன்றடுக்கில் பயணம் செய்யும்போது திரை இல்லையே என்று முணுமுணுப்பவர்களுக்கு இந்தக் காரணம் தெரியாது. துணியைத் தீத்தடுப்பாக்குவது ஒரு வழி, துணியையே எடுத்துவிடுவது இன்னொரு வழி. இரண்டாவது வழியைக் கேவலமாக நினைக்க வேண்டாம். பல நேரம் அதுதான் சரியானது.

இனி வேதியியல். செயற்கை இழையைத் தீக்கு எதிராகத் தயார் செய்ய மூன்று இடங்கள் உண்டு. துணியான பின் மேலே பூசலாம். இழை நூற்கும் முன் உருகிய பலபடியில் (பாலிமரில்) மருந்தைக் கலக்கலாம். அல்லது பலபடியை உருவாக்கும்போதே அதன் சங்கிலிக்குள் வேறு ஓர் அணுவைக் கோத்துவிடலாம்.

பூசுவது மிகப் பழையது. 1821-லேயே பிரான்சில் கே-லுசாக், மன்னர் பதினெட்டாம் லூயியின் விருப்பத்துக்காக, நாடக அரங்கத் திரைகளுக்கு அம்மோனியம் பாஸ்பேட்டும் வெண்காரமும் பூசிப் பார்த்து எழுதினார். அவர் கையாண்டது சணலும் லினனும். இன்றைக்கும் பந்தல் துணிக்குத் தெளிக்கும் மலிவான கரைசல்களில் பல அந்த வழி வந்தவைதான். அவை நீரில் கரையும். ஒரு நல்ல மழைக்குப் பின் பந்தல் துணியில் மருந்து இருக்காது, சான்றிதழ் மட்டும் ஒப்பந்தக்காரர் கோப்பில் இருக்கும்.

நீரில் கரையாமல் இருக்க வேண்டும் என்று இருபதாம் நூற்றாண்டில் புரோமின் சேர்மங்களுக்குப் போனார்கள். புரோமின் வேலை செய்யும் இடம் சுடருக்குள். எரியும் வாயுவில் ஹைட்ரஜன், ஹைட்ராக்சில் என்ற தனி உறுப்புகள் சங்கிலி வினையை நடத்துகின்றன; சூட்டில் வெளியாகும் ஹைட்ரஜன் புரோமைடு அவற்றைப் பிடித்து முடக்கிவிடும். ஆன்டிமனி ஆக்சைடு சேர்ந்தால் பலன் இன்னும் கூடும். வேலை என்னவோ பிரமாதம். விலையை வேறிடத்தில் கொடுத்தோம்.

இந்தத் துறையில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் நினைவில் வைத்திருக்க வேண்டிய நிகழ்ச்சி ஒன்றைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன். எழுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவில் குழந்தைகளின் இரவு உடை தீப்பற்றாததாக இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. நல்ல நோக்கம். உற்பத்தியாளர்கள் பாலியெஸ்டர் இரவு உடைகளில் டிரிஸ் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட ஒரு புரோமின் பாஸ்பேட்டை ஏற்றினார்கள். துணியின் எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை அந்த மருந்து. அது இழையோடு வேதிப் பிணைப்பில் இல்லை, இழைக்குள் ஒதுங்கியிருந்தது, அவ்வளவுதான். குழந்தை அந்த உடையோடு தூங்கும், வியர்க்கும், சட்டை நுனியைச் சப்பும். 1977 ஜனவரியில் ஆர்லின் பிளம், புரூஸ் ஏம்ஸ் இருவரும் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். இந்த மருந்து பாக்டீரியாவின் மரபணுவை மாற்றுகிறது. புற்றுநோய் ஆபத்து உண்டு. உடையிலிருந்து குழந்தையின் உடலுக்குள் போகக்கூடும் என்று எச்சரித்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் குழந்தை உடைகளில் டிரிஸ் தடை செய்யப்பட்டது. தீயிலிருந்து குழந்தையைக் காக்கப் போட்ட மருந்து குழந்தைக்கே நஞ்சாகலாம் என்று தெரிய வந்தது.

அதன் பின்னும் புரோமின் குடும்பம் ஒரேயடியாக ஒழியவில்லை. திரைச்சீலைக்கும் சோபாத் துணிக்கும் பின்புறம் தடவும் பூச்சில் டெக்காபுரோமோ டைஃபீனைல் ஈதர் நெடுங்காலம் இருந்தது. சுற்றுச்சூழலில் அழியாமல் நின்று உயிர்களின் கொழுப்பில் சேர்கிறது என்பதால் 2017-ல் அதை ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்த்தார்கள். 2018-ல் இந்தியாவும் இந்த வகையைச் சேர்ந்த சில புரோமின் சேர்மங்களைத் தடை செய்து விதி வெளியிட்டது. இத்தனை அனுபவத்துக்குப் பின் நான் வந்து நிற்கும் முடிவு எளிமையானது: பிணைக்கப்படாத மருந்து வெளியே வரும். துவைத்தால் வரும், உரசினால் வரும், வெயிலில் வரும். வெளியே வந்தால் துணி தீயிலிருந்து காக்காது, மருந்து உடம்பையும் கெடுக்கும்.

ஆகவே மூன்றாவது இடம், பலபடியின் சங்கிலிக்குள்ளேயே கோப்பது. பாலியெஸ்டர் செய்ய இரண்டு பொருள் வேண்டும்: டெரிஃப்தாலிக் அமிலம், எதிலீன் கிளைக்கால். இரண்டும் மாறி மாறிக் கைகோத்து நீளும். முதலில் 250, 260 டிகிரியில் நீரை வெளியேற்றி எஸ்டராக்குவார்கள். பிறகு 280 டிகிரிக்கு மேல் கடும் வெற்றிடத்தில் சங்கிலியை நீட்டுவார்கள். கலன் அடியில் தேன்போலக் கெட்டியாகி இறங்கும் அந்த உருகலை நுண்துளைத் தட்டு வழியாகத் தள்ளினால் இழை. இந்த நீட்டும் கட்டத்தில், அமிலத்துக்குப் பதிலாக இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பாஸ்பரஸ் உள்ள ஓர் அமிலத்தைச் சேர்க்கிறோம். அதற்கும் இரண்டு கை உண்டு, ஆகவே சங்கிலி அதை அந்நியமாகப் பார்க்காமல் கோத்துக்கொள்ளும்.

எவ்வளவு சேர்க்க வேண்டும்? துணியின் எடையில் பாஸ்பரஸ் 0.6 விழுக்காடு இருந்தால் பெரும்பாலான திரைச்சீலைச் சோதனைகளுக்குப் போதும். பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பாருங்கள். சங்கிலியில் திரும்பத் திரும்ப வரும் ஒரு கண்ணியின் மூலக்கூறு எடை 192, பாஸ்பரஸின் அணு எடை 31. இருபத்தேழு கண்ணிக்கு ஒரு பாஸ்பரஸ் என்று வரும். துணிக்கான இழையில் ஒரு சங்கிலிக்கு ஏறத்தாழ நூறு கண்ணி. ஆக ஒரு சங்கிலிக்கு நாலே நாலு பாஸ்பரஸ். அந்த நாலும் தீ வந்த நேரத்தில் இரண்டு வேலை பார்க்கின்றன. சூட்டில் பாஸ்பரஸ் அமிலமாகிச் சங்கிலியை வாயுவாக உடையவிடாமல் கரியாக மாறத் தூண்டுகிறது. சுடருக்குள் போகும் பகுதி புரோமின் செய்ததுபோலத் தனி உறுப்புகளைப் பிடிக்கிறது. கூடவே உருகும் வேகமும் கூடுவதால் எரியும் பகுதி கழன்று விழுந்துவிடும். நான் சொன்ன ஆக்சிஜன் எண் 21-லிருந்து 28, 30 என்று ஏறும்.

இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. வேற்று ஆள் நுழைந்ததால் சங்கிலிகள் ஒன்றின்மேல் ஒன்று ஒழுங்காக அடுக்கிக்கொள்வது குறையும். உருகுநிலை பத்து டிகிரி போலக் கீழே வரும். நூலின் வலுவும் சற்றுக் குறையும். சாயம் ஏறுவது மட்டும் எளிதாகும், சாயப்பட்டறைக்காரர்களுக்கு அதில் மகிழ்ச்சி. ஆலைக்குள் இன்னொரு சங்கடம் உண்டு. சங்கிலி நீட்ட நாங்கள் வினையூக்கியாகப் போடுவது ஆன்டிமனி. பாஸ்பரஸ் அதனோடு ஒட்டிக்கொண்டு அதன் வேகத்தைக் கெடுக்கும். பாஸ்பரஸை எந்த நிமிடத்தில் விடுவது, எந்தச் சூட்டில் விடுவது என்பதில்தான் ஒரு ஆலையின் கைப்பக்குவம் தெரியும். சற்று முந்தினால் சங்கிலி நீளாது. நிறமும் சாம்பல் பூத்துவிடும். வெள்ளைத் திரைச்சீலைக்கு என்று வாங்க வந்தவர் அந்தப் பலபடிச் சில்லை ஒரு முறை கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்.

இன்னொரு நுணுக்கம், இதைச் சொல்லாமல் விட்டால் பேச்சு முழுமையாகாது. பாஸ்பரஸைச் சங்கிலியின் நடுவே வைப்பதா, கிளையில் தொங்கவிடுவதா? ஜெர்மனியின் ஹோக்ஸ்ட் நிறுவனம் ட்ரெவிரா சி.எஸ். என்ற இழையில் நடுவே வைத்தது. ஜப்பானின் டோயோபோ தன் ஹைம் இழையில் பக்கவாட்டில் தொங்கவிட்டது. நடுவே இருந்தால் பாஸ்பரஸ்–ஆக்சிஜன் பிணைப்பு சங்கிலியின் முதுகெலும்பாகவே ஆகிவிடும். வெந்நீரும் காரமும் அந்தப் பிணைப்பை மெல்ல மெல்ல வெட்டும், வெட்டினால் சங்கிலியே துண்டாகும். தொங்கவிட்டால் அது அறுந்தாலும் முதுகெலும்பு நிற்கும். சலவைச்சோடாவும் வெந்நீரும் ஓடும் மருத்துவமனைச் சலவைக்கூடத்துக்கு இரண்டாவது வகை தாங்கும். வீட்டுத் திரைச்சீலைக்கு முதல் வகையே தாராளம்.

ட்ரெவிராவுக்கு ஓர் இந்தியக் கிளைக்கதை உண்டு. 2004-ல் ரிலையன்ஸ் ட்ரெவிரா என்ற ஜெர்மன் நிறுவனத்தையே வாங்கியது. 2009-ல் நிறுவனம் திவாலானது. 2011-ல் இந்தோரமாவின் கைக்குப் போனது. இடையில் நம் நாட்டுக்குக் கிடைத்தது என்ன என்று வரலாறு எழுதுபவர்கள் சொல்லட்டும். ரிலையன்ஸின் ரெக்ரான் எஃப்.எஸ். என்ற தீத்தடுப்புப் பாலியெஸ்டர் இங்கே விற்பனைக்கு இருக்கிறது என்பது வாங்குபவருக்குத் தெரிந்தால் போதும். இழை கிடைக்கவில்லை என்ற சாக்கு இனி எடுபடாது.

மற்ற இழைகளை வேகமாகக் கடந்துவிடுகிறேன். அக்ரிலிக் எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடு வரும், ஆகவே அதைச் சும்மா விடக்கூடாது. வினைல் குளோரைடோ வினிலிடீன் குளோரைடோ சங்கிலியில் கோத்து மோடஅக்ரிலிக் ஆக்குகிறார்கள். ஜப்பானின் கனேகா 1957 முதல் செய்யும் கனேகலான் அந்த இனம். பெண்கள் வைத்துக்கொள்ளும் சவுரியிலும் நாடகக்காரர்களின் டோப்பாவிலும் அது உண்டு. நைலான்தான் அடங்காத பிள்ளை. பாஸ்பரஸைச் சங்கிலியில் கோத்தால் நைலான் செய்யும் சூட்டிலும் நீரிலும் அது நிலைப்பதில்லை. பொடியாகக் கலக்கலாம் என்றால் இழையின் விட்டமே பத்துப் பதினைந்து மைக்ரான். பொடி நுண்துளையை அடைத்து நூலை அறுத்துவிடும். பாலிப்ரோப்பிலீனும் சுலபமில்லை. அக்ரிலிக்கையே காற்றில் மெதுவாகச் சுட்டுக் கருக்கினால் சுத்தமாக எரியாத இழையாகிவிடும். கார்பன் இழைக்குப் போகும் பாதையில் அது பாதி வழி.

இப்போது என் துறையைப் பற்றி ஒரு கசப்பான உண்மை. தீத்தடுப்புப் பாலியெஸ்டர் சோதனையில் தேறுவதற்குப் பெரிய காரணம் அது உருகிச் சொட்டுவதுதான். மேலே அணைந்தது, தேறிவிட்டது என்கிறோம். கீழே யார் இருந்தார்கள்? சொட்டு எரிந்துகொண்டே விழுந்ததா, அணைந்து விழுந்ததா? நல்ல சோதனையில் அடியில் பஞ்சு வைத்து, விழும் சொட்டு அதைப் பற்றவைக்கிறதா என்று பார்ப்பார்கள். திரைச்சீலைக்கு அந்தச் சொட்டு தரையில் விழும், பெரிய கேடில்லை. பந்தல் கூரைக்கு அடியில் இருப்பது தலைகள். ஆகவே ஆட்கள் உட்காரும் இடத்துக்கு மேலே கட்டும் துணிக்கு நான் தீத்தடுப்புப் பாலியெஸ்டரைக்கூட முழு மனதோடு சிபாரிசு செய்ய மாட்டேன். அங்கே பருத்திக் கான்வாஸில் நிலைத்து நிற்கும் பாஸ்பரஸ் பூச்சு மேல். பருத்தி உருகாமல் கரியாகி நிற்கும். வாழைத்தண்டுச் சாற்றில் பருத்தியைத் தோய்த்து ஆக்சிஜன் எண்ணை 18-லிருந்து 30 வரை ஏற்றியதாக நம் நாட்டு விஞ்ஞானிகள் எழுதியிருக்கிறார்கள். துவைத்தால் நிற்காது, ஆனாலும் வாழைத்தோப்பு நிறைந்த ஊர்களில் வேலை மெனக்கெட்டுச் செய்து பார்க்க வேண்டிய சங்கதி அது. கல்லூரி வேதியியல் துறைகள் யாராவது எடுத்துக்கொண்டால் நல்லது.

உடைக்கு வருவோம். நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கலைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கண்ணுடைய நாயகி அம்மன் சந்நிதி முன் வரிசை வரிசையாக நூற்றுக்கணக்கான அடுப்பு; அடுப்புக்கு அடுப்பு கையெட்டும் தூரம்தான். முந்தானை பின்னால் இருக்கும் ஆச்சியின் அடுப்புப் பக்கம் போய்விடும். பட்டு கட்டிக்கொண்டு வருவது பெரியவர்கள் வைத்த நல்ல வழக்கம். பட்டு உருகாது, விட்டு விட்டுத்தான் எரியும். ஆர்ட் சில்க் என்ற பெயரில் வருகிற பல சேலைகள் பாலியெஸ்டர்தான். அவற்றை அடுப்படிக்கும் பொங்கல் வரிசைக்கும் கட்ட வேண்டாம் என்று என் தங்கை மகளுக்கும் சொல்வேன், உங்களுக்கும் சொல்கிறேன். காரைக்குடிக் கண்டாங்கி பருத்தி. அதற்குப் புவிசார் குறியீடு 2019-ல் கிடைத்தது. அடுப்பருகே அதைக் கட்டுவதில் பெருமையும் உண்டு, பாதுகாப்பும் உண்டு. சிவகாசிப் பட்டாசுத் தொழிற்சாலைக்குள் பருத்தி உடையோடுதான் போக வேண்டும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே காரணம் நிலைமின்சாரம், ஆனால் பாடம் ஒன்றுதான்.

மாணவர்களில் யாராவது இதைத் தொழிலாக எடுத்துக்கொள்ள நினைத்தால், கோயம்புத்தூர் சிட்ரா 1956 முதல் ஜவுளி ஆராய்ச்சி செய்துவருகிறது. அங்கே போய் ஒரு முறை சோதனைக்கூடத்தைச் சுற்றிப் பாருங்கள். ஒரு துணித்துண்டைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு அடியில் பன்னிரண்டு விநாடி சுடர் காட்டி எடுத்தபின் எத்தனை விநாடி எரிகிறது, எத்தனை அங்குலம் கருகுகிறது என்று நிறுத்துகடிகாரத்தோடு பார்க்கும் அந்தச் சாதாரணச் சோதனை, புத்தகத்தில் படித்த எதையும்விட உங்களுக்கு அதிகம் சொல்லிக்கொடுக்கும்.

கடைசியாக, மண்டபம் வைத்திருப்பவர்களும் கோயில் திருப்பணிக் குழுவினரும் இங்கே இருப்பதால் நடைமுறைக்கு ஒன்று. பந்தல், அலங்காரம் ஒப்பந்தம் எழுதும்போது தொகைக்குக் கீழே மூன்று வரி சேருங்கள். மேடைத் திரையும் சுவர் அலங்காரத் துணியும் இழையிலேயே தீத்தடுப்புப் பெற்ற பாலியெஸ்டராக இருக்க வேண்டும், தெளித்த மருந்து ஏற்கப்படாது. திரைத்துணிக்கு ஐ.எஸ். 15741 சோதனை அறிக்கை, துவைத்த பின் எடுத்ததாக, துணியின் சுருள் எண்ணோடு தர வேண்டும். ஆட்கள் உட்காரும் இடத்துக்கு மேலே செயற்கைத் துணியோ பச்சை வலையோ கட்டக்கூடாது. ஒப்பந்தக்காரர் கட்டணம் கூடும் என்பார். கூடத்தான் செய்யும். அப்போது சீரியல் விளக்கில் பாதியைக் குறைக்கச் சொல்லுங்கள், கணக்கு சரியாகிவிடும். வயரும் குறையும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். பிள்ளைகளுக்கு முதல் வாய்ப்பு.